கிலோ கணக்கில் வாங்கும் மருந்து

நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் நிலவேம்புப் பொடி கேட்டால் நூறு கிராம் சரியாக நிறுத்துத் தருவார்கள். அந்த நூறு கிராமுக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்கு மூட்டை அனுப்பிய மொத்த வியாபாரிக்கும் தெரியாது, விளைவித்தவருக்கும் தெரியாது. நிலவேம்பின் கசப்புக்கும் அதன் குணத்தின் பெரும்பகுதிக்கும் காரணமாகச் சொல்லப்படுவது ஆண்ட்ரோகிராஃபோலைடு என்கிற பொருள். அது இலையில் அதிகம், தண்டில் குறைவு. செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில் உச்சத்தில் இருக்கும், காய் முற்றி விதை உதிரும்போது இறங்கிவிடும். காயவைத்து மாதக்கணக்கில் சேமித்தால் இன்னும் கரையும். ஆக, இளம் பூப்பருவத்தில் அறுத்த இலையை அரைத்த பொடியும், விதை எடுத்தபின் வேரோடு பிடுங்கிய செடியைத் தண்டும் தழையுமாக அரைத்த பொடியும் ஒரே பெயரில், ஒரே விலையில், ஒரே எடையில் விற்கப்படலாம். குடிப்பவருக்குக் கிடைக்கும் மருந்தின் அளவோ இரண்டிலும் ஒன்றல்ல.

மூலிகைகளைப் பற்றி நம்மிடையே நடக்கிற சண்டை எல்லாம் "வேலை செய்யுமா, செய்யாதா" என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எப்படி உலர்த்திய மூலிகை?" என்ற கேள்வி. விளைந்த விதத்தைப் பொறுத்து ஒரே செடியின் மருந்துச் சத்து சில மடங்குகூட மாறும். அப்படி மாறுகிற பொருளை நாம் தக்காளி, வெங்காயம் போல எடைக்கு வாங்குகிறோம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான்: மூலிகையை எடைக்கு வாங்குகிற வரைக்கும், விவசாயிக்கு லாபம் தருவதும் நோயாளிக்குப் பலன் தருவதும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். விலையின் அலகை மாற்றாமல் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதலில், செடி இந்தப் பொருள்களை ஏன் செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நமக்காக அல்ல. புழு கடிக்காமலிருக்க, பூஞ்சை பிடிக்காமலிருக்க, வெயிலின் புறஊதாக் கதிர் திசுவைச் சிதைக்காமலிருக்க, பக்கத்துச் செடி முளைக்காமலிருக்க. கசப்பு, காரம், மணம், நிறம் என்று நாம் மூலிகையில் தேடுவதில் பெரும்பகுதி செடியின் தற்காப்பு. தற்காப்புக்குச் செலவு உண்டு. ஒளிச்சேர்க்கையில் கிடைத்த சர்க்கரையை இலை, தண்டு என்று உடம்பு வளர்க்கச் செலவிடலாம், அல்லது பாதுகாப்புப் பொருள்களாக மாற்றலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் செய்வது கடினம். தாவரச் சூழலியலில் ஹெர்ம்ஸ், மேட்சன் என்ற இருவர் 1992இல் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை இந்த இழுபறியைத்தான் விளக்கியது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் செடி வளர்ச்சியில் முதலீடு செய்யும். லேசான பற்றாக்குறை வந்தால் வளர்ச்சி முதலில் நிற்கும், ஒளிச்சேர்க்கை உடனே நிற்காது. செலவழிக்க இடமில்லாமல் மிஞ்சுகிற சர்க்கரை, கார்பனை ஆதாரமாகக் கொண்ட பொருள்களாகச் சேரத் தொடங்கும்.

வறட்சியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. தண்ணீர் வீணாகாமலிருக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது. வெயிலோ குறையவில்லை. பிடித்த ஒளியாற்றலைச் செலவிட வழியில்லாமல் இலை தடுமாறும் நேரத்தில், அந்த ஆற்றலை விழுங்கக்கூடிய டெர்ப்பீன், பீனால் வகைப் பொருள்களின் தயாரிப்பு கூடுகிறது. மத்தியதரைக் கடல் பகுதிகளில் விளையும் சேஜ் போன்ற மணச்செடிகள் காய்ந்த மலைச்சரிவில் காரமாகவும் ஈரத் தோட்டத்தில் சப்பென்றும் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒளியின் தன்மையும் கணக்கில் சேரும். துளசியின் உறவான இனிப்புத் துளசியைப் புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தால் இலையின் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக நிரம்புவதில்லை. அந்தக் கதிரைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் எண்ணெய் கூடுகிறது. புதினா வகைகளில் பகலின் நீளமும் இரவின் குளிரும் எண்ணெயின் அளவை மட்டுமல்லாமல் அதன் கலவையையே மாற்றுவதை 1960களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் பலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: "அப்படியானால் செடியைப் பட்டினி போட்டால் மருந்து கூடும்." இணையத்தில் இந்த வாசகம் பல உருவங்களில் உலவுகிறது. இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் பயன்படுத்தும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் செடியைத் தண்ணீர் குறைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அதன் இரண்டு முக்கியப் பொருள்களில் ஹைப்பர்ஃபோரின் கூடியது, ஹைப்பரிசின் குறைந்தது. ஒரே செடி, ஒரே வறட்சி, இரண்டு எதிர்த்திசைகள். இதில் எதை "நல்ல தரம்" என்பீர்கள்? அடுத்து, எல்லா மருந்துப் பொருளும் கார்பனை மட்டும் ஆதாரமாகக் கொண்டதல்ல. நிகோடின், குயினைன், வின்கிரிஸ்டின் போன்ற ஆல்கலாய்டுகளுக்கு நைட்ரஜன் வேண்டும். அந்த வகைச் செடிகளைத் தழைச்சத்தே இல்லாமல் வாட்டினால், உரம் குறைத்ததால் மருந்து கூடும் என்ற விதி அங்கே தலைகீழாகலாம்.

மூன்றாவது விஷயம் இதைவிடக் கனமானது. தற்காப்புப் பொருள் கூடுவது எப்போதும் நமக்கு நன்மை என்று யார் சொன்னது? 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. வறட்சியில் மரவள்ளிக் கிழங்கின் சயனைடு தரும் பொருள்கள் கூடுகின்றன. பசியில் இருந்த மக்கள் கசப்பு மரவள்ளியை வழக்கம்போலப் பல நாள் ஊறவைத்து, உலர்த்திப் பக்குவப்படுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். கால்கள் திடீரென்று செயலிழக்கும் கொன்ஸோ என்ற நோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதித்தது. அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். நம்மூர்ச் செங்காந்தளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கீல்வாதத்துக்கான கால்சிசின் அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கால்சிசினில் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அப்படிப்பட்ட செடியில் சத்து "கூடியிருக்கிறது" என்பது மகிழ்ச்சியான செய்தியல்ல. எவ்வளவு கூடியிருக்கிறது என்ற எண் தெரியாதவரை அது எச்சரிக்கை.

"காட்டு மூலிகைதான் வீரியம்" என்ற நம்பிக்கையையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காட்டில் விளைந்தது என்றால் அது பல்வேறு மண், பல்வேறு வயது, பல்வேறு நிழல் கலந்து வந்தது என்றுதான் பொருள். சிலது வீரியமாக இருக்கும், சிலது வெறும் தழையாக இருக்கும். இதற்கு உலகமே அறிந்த சாட்சி மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின். 1967 மே 23இல் தொடங்கியதால் "523 திட்டம்" என்றே பெயர் பெற்ற சீன ஆய்வில் தூ யூயூவின் குழு சிங்ஹாவ் என்ற மாசிப்பச்சை வகைச் செடியை எடுத்தது. முடிவுகள் ஒருமுறை நம்பிக்கை தரும், மறுமுறை ஏமாற்றும். கொதிக்கவைத்ததில் சத்து கெட்டது ஒரு காரணம். 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு வடித்தபோதுதான் அது விளங்கியது. பெய்ஜிங் சுற்றுவட்டாரத்துச் செடிகளில் ஆர்ட்டெமிசினின் மிகக் குறைவாக இருந்தது இன்னொரு காரணம். சிச்சுவான் பகுதிச் செடியில் அது தேவையான அளவு இருந்தது. அதுவும் இலையில்தான், பூப்பதற்குச் சற்று முன்புதான். தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெய்ஜிங் செடியோடு நின்றிருந்தால் "இந்த மூலிகையில் ஒன்றுமில்லை" என்று ஒரு கோப்பு மூடப்பட்டிருக்கும். வேலை செய்யுமா, செய்யாதா என்ற சண்டைகளில் எத்தனை, விளைந்த இடத்தைக் கவனிக்காததால் வந்தவை என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நிலவாகை என்று சித்த மருத்துவம் சொல்லும் சென்னா, உலகச் சந்தையில் ஊர்ப் பெயரோடு அறியப்படுகிற தமிழ்நாட்டு மூலிகை. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளியேறுவதால் "டின்னவெல்லி சென்னா" என்று மருந்து நூல்களில் பதிந்துவிட்டது. மலச்சிக்கலுக்கான மருந்தாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. அதன் மருந்துச் சத்து சென்னோசைடுகள். எகிப்து, சூடான் பக்கமிருந்து வரும் அலெக்சாண்டிரியச் சென்னாவையும் நம் சென்னாவையும் தாவரவியலார் இன்று ஒரே இனமாகவே கருதுகிறார்கள். ஆனாலும் ஐரோப்பிய மருந்துத் தரநூல் இரண்டின் காய்களுக்கும் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. அலெக்சாண்டிரியக் காயில் குறைந்தது 3.4 விழுக்காடு இருக்க வேண்டும் என்றும், டின்னவெல்லிக் காயில் 2.2 இருந்தால் போதும் என்றும் வகுத்தது. இனம் ஒன்றாக இருந்தும் வகையும் நிலமும் வேறாக இருந்தால் சத்தும் வேறாகும் என்பதை ஒரு சட்டப் புத்தகமே ஒப்புக்கொள்கிற இடம் இது.

சென்னாவில் இன்னொரு நுட்பம் உண்டு. பசுமையான இலையில் சென்னோசைடாக இருப்பது குறைவு. அதன் மூலப்பொருள்கள் தனித்தனியாக இருக்கின்றன. மிதமான வெப்பத்தில் மெதுவாக உலரும்போதுதான் அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடாகின்றன. அதிக வெப்பத்தில் அவசரமாக உலர்த்தினால் அந்த இணைப்பை நடத்தும் நொதி கெட்டுவிடும். எனவே செடியை அறுத்ததோடு "விளைச்சல்" முடிவதில்லை. களத்தில், நிழலில், காற்றோட்டத்தில் கிடக்கிற அந்தச் சில நாள்களும் மருந்து உருவாகிற நாள்கள்தான். இப்போது விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள். மழை வருமோ என்ற பயம், களத்துக்கு வாடகை, கூலி ஆள் தட்டுப்பாடு. சீக்கிரம் உலர்த்தி மூட்டை கட்டினால் அவருக்கு நிம்மதி. வியாபாரி இலையின் நிறத்தையும் அளவையும் தூசியையும் பார்த்துக் கிலோவுக்கு விலை சொல்கிறார். நிறம் ஓரளவுக்கு உலர்த்திய விதத்தைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் பொறுமையாகச் செய்ததற்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடைக்காதபோது பொறுமைக்கு என்ன தேவை? கடைசிப் பருவத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சி, ஒரு கை யூரியா போட்டால் எடை கூடும். எடைக்குத்தான் காசு. அவர் செய்வதில் தவறில்லை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதை அவர் விளைவிக்கிறார்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு வலுவான மறுப்பை வைப்பார்கள். "மண், தண்ணீர் எல்லாம் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். முக்கியமானது விதை. நல்ல ரகத்தைக் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது." நீலகிரியின் சரித்திரமே இவர்களுக்குச் சாட்சி சொல்லும். 1860இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து குயினைன் தரும் சிங்கோனா நாற்றுகளைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் மெக்கைவர் ஒரு புது உத்தியைக் கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தார். அங்கே புதிதாக வளர்ந்த பட்டையில் குயினைன் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. சூழலை மாற்றினால் சத்து மாறும் என்பதற்கு இதைவிட அழகான செய்முறை வேண்டாம். ஆனால் அதே காலத்தில், 1865இல், பொலிவியாவின் ஐமாரா இனத்தவரான மனுவேல் இன்க்ரா மமானி சேகரித்த விதைகள் சார்லஸ் லெட்ஜர் வழியாக லண்டனுக்கு வந்தன. பிரிட்டிஷ் அரசு அவற்றை வேண்டாம் என்றது, டச்சுக்காரர்கள் ஒரு பகுதியை வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அந்த மரங்களில் சில பத்து விழுக்காட்டுக்கும் மேல் குயினைன் தந்தன. நீலகிரியின் சிவப்புப் பட்டை மரங்களால் அதை எட்டவே முடியவில்லை. 1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவுடையது. பாசி தோற்றது, விதை வென்றது.

ஒப்புக்கொள்கிறேன். உச்ச வரம்பை வைப்பது விதைதான். ஆனால் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். லெட்ஜர் மரம் எல்லா மண்ணிலும் வளரவில்லை, வேர் நோஞ்சான். குயினைன் குறைவாக இருந்தாலும் வலுவாக வளர்கிற சிவப்புப் பட்டை மரத்தின் வேரில் அதை ஒட்டுக் கட்டித்தான் பரப்பினார்கள். நல்ல விதை, பொருந்துகிற மண்ணையும் வேரையும் கேட்டது. அதைவிட முக்கியம், வந்த விதைகள் எல்லாமே உயர்ந்தவை அல்ல. எந்த மரம் நல்லது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. டச்சு வேதியியலார் மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, சத்து நிறைந்த மரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் என் வாதத்துக்கு மையம். ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் பட்டையை வெறும் எடைக்கு விற்கவில்லை. அரைக் கிலோ பட்டையில் ஒரு விழுக்காடு குயினைன் சல்பேட் இருந்தால் அது ஒரு "யூனிட்", ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு விலை என்று ஏலம் போனது. ஐந்து விழுக்காட்டுப் பட்டைக்கு, இரண்டு விழுக்காட்டுப் பட்டையைப் போல இரண்டரை மடங்கு விலை. அந்த விலை இருந்ததால்தான் நல்ல மரத்தைத் தேடுவதும், ஒட்டுக் கட்டுவதும், நிலம் பார்த்து நடுவதும் லாபமாயிற்று. விதையா, மண்ணா என்ற விவாதத்துக்கு விடை தெரியாமலேயே இரண்டையும் ஒருசேர வளர்த்தது அந்த விலைமுறை.

அடுத்த மறுப்பு மரபு மருத்துவத்தின் பக்கமிருந்து வரும். "மூலிகை முழுமையாகத்தான் வேலை செய்கிறது. ஒரு வேதிப்பொருளைப் பிரித்து அளப்பது உங்கள் அலோபதிப் பார்வை. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் இருக்கின்றன, எதை அளப்பீர்கள்?" கேட்கத் தகுந்த கேள்வி. ஒரு பொருளின் அளவை வைத்து ஒரு மூலிகையின் முழுக் குணத்தையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அளவைப் பற்றிய அக்கறை மேற்கிலிருந்து வந்தது என்பது சரியல்ல. சரக சம்ஹிதையின் கல்ப ஸ்தானம், எந்த நிலத்தில் முளைத்ததை எடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும், வேரை எப்போது, பட்டையை எப்போது, இலையை எப்போது சேகரிக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்திருக்கிறது. சித்த மருத்துவத்திலும் மூலிகை பறிக்கும் பருவத்துக்கு விதிகள் உண்டு. சோதனைக்கூடம் இல்லாத காலத்தில் சத்து மாறாமல் பார்த்துக்கொள்ள அவர்களிடம் இருந்த வழி அது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785இல் இதய நீர்க்கோவைக்கு டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி நூல் எழுதியபோது அதே முடிவுக்குத்தான் வந்தார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பதால், செடி பூக்கும் சமயத்து இலையை மட்டும் எடுப்பது என்று நிலைப்படுத்தினார். இன்று மூலிகை பறிப்பவருக்கும் வைத்தியருக்கும் இடையில் நாலைந்து தரகர்களும் முந்நூறு மைல் தூரமும் வந்துவிட்டன. பறித்த பருவத்தை வைத்தியர் கண்ணால் பார்த்த காலம் போய்விட்டது. அவர் கண் செய்த வேலையை இப்போது வேறு ஏதாவது செய்தாக வேண்டும். முழு மூலிகை வாதத்தின் எல்லையையும் ஆர்ட்டெமிசினின் தரும் அதே சிங்ஹாவ் செடி காட்டுகிறது. அந்த இலையைத் தேநீராகப் போட்டு மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. சத்து செடிக்குச் செடி மாறுவதும், குறைந்த அளவு போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதும் அதன் காரணங்களில் அடங்கும்.

"சாறெடுத்து, அளவு நிர்ணயித்து, மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் மண்ணைப் பற்றி ஏன் கவலை?" என்று மருந்துத் தொழிலிலிருந்து ஒரு குரல் வரும். மாத்திரைக்கு அது நல்ல தீர்வு. வீரியம் கூடியதையும் குறைந்ததையும் கலந்து ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் பொடியாக, சூரணமாக, குடிநீராக வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் நாட்டில் மூலிகை வாங்குகிறவர்களில் கணிசமானோர் இவர்கள்தான். தவிர, சாறெடுக்கும்போது மண்ணின் நல்லது மட்டும் வருவதில்லை. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்க்கிற செடி என்பது தெரிந்த செய்தி. ஹைப்பரிசின் அளவு சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ், காட்மியத்தைப் பற்றி வாய் திறக்காது. எந்த நிலம் என்ற கேள்வியை மாத்திரையாலும் தவிர்க்க முடியாது. மருந்துச் செடிகளைப் பயிரிடவும் சேகரிக்கவும் உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி நிலம், நீர், அறுவடை, உலர்த்தல் என்று வயலிலிருந்தே பதிவேடு கேட்பது இதனால்தான்.

சரி, இதெல்லாம் சிறு விவசாயியால் முடியுமா? ஒரு மாதிரியைச் சோதிக்க ஆகும் செலவு அவருடைய ஒரு மூட்டையின் லாபத்தைத் தின்றுவிடாதா? இதுதான் எனக்கு மிகக் கனமாகத் தெரிகிற மறுப்பு. இதற்கு விடை நம் ஊர்ப் பால் சங்கத்தில் இருக்கிறது. பாலையும் ஒருகாலத்தில் அளவுக்குத்தான் வாங்கினார்கள். கெட்டிப்பால் ஊற்றியவருக்கும் தண்ணீர்ப்பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் 1890இல் கொழுப்பை அளக்க எளிய, மலிவான ஒரு சோதனையை வெளியிட்டபோது அந்த அநியாயம் உடைந்தது. இன்று தமிழ்நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களில் ஓரிரண்டு மாடு வைத்திருப்பவரின் பாலுக்கும் கொழுப்பும் இதர திடச்சத்தும் பார்த்துத்தான் விலை. சோதனைச் செலவைத் தனி ஆள் சுமக்கவில்லை, சங்கம் சுமக்கிறது. சென்னாவிலும் அப்படியே செய்யலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தன் உறுப்பினர்களின் சரக்கை நிலவாரியாக, அறுவடைவாரியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு மாதிரி சோதித்தால் போதும். முழு ஆய்வுக்கூடம்கூட எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. சென்னோசைடைப் பொறுத்தவரை கல்லூரி வேதியியல் கூடத்தில் இருக்கிற நிறமாலை அளவியே ஒரு மதிப்பைத் தந்துவிடும். 2000இல் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியம் சாகுபடிக்கு மானியம் தந்திருக்கிறது. அப்படிப்பட்ட பணத்தில் ஒரு பங்கு சோதனைக்குப் போனால், ஏக்கர் கணக்கைக் கூட்டுவதைவிட அது தரத்தைக் கூட்டும்.

எண்ணுக்குக் காசு என்றால் எண்ணை ஏமாற்ற ஆள் வருவார்கள், அதையும் மறைக்க வேண்டாம். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தது எதற்காக? புரதத்தை நைட்ரஜனை வைத்து அளந்தார்கள், மெலமினில் நைட்ரஜன் அதிகம். குழந்தைகள் இறந்தார்கள். மஞ்சள் சாற்றில் குர்குமின் விழுக்காட்டைக் கூட்டிக் காட்ட, ஆலையில் செயற்கையாகச் செய்த குர்குமினைச் சேர்ப்பதும் சந்தையில் நடந்திருக்கிறது. ஆகவே ஒரே ஒரு எண்ணின் மேல் விலையைக் கட்டக்கூடாது. பொடியாக அல்லாமல் முழு இலையாக, முழுக் காயாக வாங்க வேண்டும், அதில் கலப்படம் சிரமம். பல பொருள்களின் கைரேகை போல வருகிற நிறப்பகுப்புப் படத்தைப் பார்க்க வேண்டும். கன உலோகமும் பூச்சிமருந்து எச்சமும் சேர்ந்து சோதிக்கப்பட வேண்டும். வயல் பதிவேடும் சோதனை முடிவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஏமாற்று சாத்தியம் என்பதற்காக அளக்காமலே இருப்பது, ஏமாற்றுபவருக்கு இன்னும் வசதி.

கடைசியாக ஒரு கணக்கு. எண்கள் கற்பனை, விகிதம் புரிவதற்காக மட்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ இலை, சத்து 3 விழுக்காடு. பாசனத்தில் 600 கிலோ, சத்து 2.2 விழுக்காடு. எடைக்கு விலை என்றால் பாசனக்காரருக்கு ஒன்றரை மடங்கு வருமானம். சத்துக்கு விலை என்றால் முதலாமவரிடம் 12 கிலோ, இரண்டாமவரிடம் 13.2 கிலோ, அதாவது பத்து விழுக்காடுதான் வித்தியாசம். பாசனச் செலவைக் கழித்தால் அதுவும் மறைந்துபோகலாம். சாறெடுக்கும் ஆலைக்கு மொத்தச் சத்து முக்கியம், பொடி வாங்கும் நோயாளிக்கு ஒரு கரண்டியில் இருக்கும் விழுக்காடு முக்கியம். இருவரும் வேறு வேறு சரக்கைத் தேடுகிறார்கள், இருவருக்கும் இன்று ஒரே குவியலிலிருந்து போகிறது. சத்துக்கு விலை வந்தால் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிக்கு அனுகூலம் என்று நான் ஊகிக்கிறேன். அது எல்லா இடத்திலும் எல்லா மூலிகையிலும் சரியாக வரவேண்டிய அவசியமில்லை. சில செடிகளுக்கு நிழலும் ஈரமும்தான் சத்தைத் தரலாம், தழைச்சத்து தேவைப்படும் ஆல்கலாய்டுச் செடிகளில் உரம் போட்ட வயலே வெல்லலாம். அப்படி வந்தால் அவர்களுக்கே நல்ல விலை போகட்டும். எது சரி என்பதைக் காடு, இயற்கை, வீரியம் என்ற சொற்களை வைத்து நாம் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர் பக்கம் செய்யக்கூடியது எளிது: பொட்டலத்தில் விளைந்த மாவட்டம், அறுத்த மாதம், எந்தப் பாகம், சோதித்த சத்து என்ற நான்கு விவரங்களைக் கேளுங்கள், தருகிறவரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். அந்தப் பத்து ரூபாய் வயல்வரைக்கும் போய்ச் சேர்ந்தால், மெதுவாக உலர்த்துகிற பொறுமை விவசாயிக்குக் கட்டுப்படியாகும்.